சேலைப் பார்சலும் என் வாயும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சாதாரண தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதியும் தேறாதவன் பேனா பிடித்தால் அம்மாவே சிரிப்பார். ஆனால் போன மாதக் கூட்டம் மனதை விட்டுப் போகவில்லை.

நான் ஒலிபெருக்கி கட்டுகிறவன். மட்டக்களப்பு டவுனில் ஒரு மண்டபத்தில், பயங்கரவாதம் ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்று கூட்டம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் சேர் ஒருவர் வறுமைதான் காரணம் என்றார். வறுமைப்பட்டவன் எல்லாம் குண்டு வைத்தால் நாட்டில் யார் மிஞ்சுவது என்று பக்கத்தில் இருந்த சட்டத்தரணி கேட்டார்; சட்டத்தை இறுக்க வேண்டுமாம். மூன்றாமவர் மைக்கை விழுங்குவது போலப் பேசினார். அவருடைய காரணம் எனக்கு இரைச்சலாகத்தான் கேட்டது.

மூன்றாவது வரிசையில் என் கூட்டாளி இருந்தான். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம். வருடா வருடம் அமிர்தகழிக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு முதல் என் அம்மாவுக்கு ஒரு சேலை கொண்டு வருவான். நான் போய் அவனை பைக்கில் ஏற்றி வருவேன். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த வருடம், பாலத்தடிச் செக் பொயின்ட்டில் மறித்த ஆமிக்காரர், "பார்சல் என்ன?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"குண்டுதான் சேர், என்ட அம்மாவுக்குக் கொண்டு போறான்!"

சிரித்தது நான் மட்டும்தான். என்னைப் பத்து நிமிடத்தில் விட்டார்கள். அவனைப் பொழுது சாயும்வரை இருத்தி வைத்து, சேலையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தார்கள். அவன் என்னை ஏசவில்லை. அதற்குப் பிறகும் சேலை தவறாமல் வருகிறது. ஆனால் அவன் பஸ்ஸில்தான் வரத் தொடங்கினான்.

கேள்வி நேரத்தில் கம்பியில்லா மைக்கைக் கொண்டு திரிந்தது நான். அவன் கையை உயர்த்தினான். கொடுத்தேன்.

"நீங்க காரணம் தேடுறீங்க, நல்லம். வெடிக்க வெச்சவன எனக்குத் தெரியா. ஆனா என்ட பார்சலத்தான் ஒவ்வொரு தரமும் அவிழ்க்கிறாங்க. இத எப்புடித் தடுக்கிற?"

மேடையில் சேர் தன் மைக்கைச் சட்டத்தரணி பக்கம் தள்ளினார். கம்பியில்லா மைக் மறுபடி என் கைக்கு வந்தது.

"சேர், இதுக்கு நான் பதில் சொல்லட்டா? வறுமை, சட்டம் ஒண்டும் எனக்குத் தெரியா. ஆனா இவன்ட பார்சலக் குண்டெண்டு சொன்னவன் நான்தான். பகிடிக்குச் சொன்னன். சபையில வெச்சுச் சொல்லுறன் மச்சான், பிழை என்னிலதான்."

முன்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள்.

"தட்டாதீங்க," என்றான் அவன். "பிறகு இவன நிப்பாட்டேலாது."

மண்டபமே சிரித்தது.

கூட்டம் முடிந்து நான் வயர் சுருட்டும்போது, அவன் வந்து மற்ற முனையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த கிழமை தீர்த்தம்.

"மச்சான், பின் சீட் தூசு புடிச்சிக் கிடக்கு," என்றேன். "சேலையோட என்ட பைக்கில வாறியா?"

"வாறன்டா, ஆனா பாலம் தாண்டும் வரைக்கும் உன்ட வாயப் பொத்திப் புடிச்சிட்டுத்தான் வருவன்."