ரோபோவுக்கு அப்பா வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மறுநாள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். நாலு வரி எழுதுவேன். வீட்டில் யாராவது பசிக்கிறது என்பார்கள், எழுந்து போய்விடுவேன். பசி ஒரு சாக்குதான். அவர்கள் கேட்காவிட்டால் நானே போய்ச் சோறு வேண்டுமா என்று கேட்டிருப்பேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஐடிஇ தொழிற்கல்வி முடித்துவிட்டு ஒரு பல் மருத்துவரிடம் முகப்பில் உட்கார்ந்து பெயர் பதிகிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தொடக்கநிலை ஐந்து. சிங்கப்பூரில் சுவா சூ காங் பேட்டையில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. எந்த அடுக்குமாடி புளோக்கில் எவர் உள்ளே மாட்டிக்கொண்டாலும் அப்பாவின் தொலைபேசி அடிக்கும்.

பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்கு நான் நடனம்தான் கேட்டேன். இடமில்லை என்று ரோபோ கழகத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள், நாங்கள் பூட்டிய ஒரு பிளாஸ்டிக் வண்டி யாரும் தள்ளாமல் தானாக நகர்ந்து மேசைக் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அழுகை நின்றுவிட்டது.

எங்கள் குழுவில் மூன்று பேர். வெய் லிங் வண்டியைக் கட்டுவாள். சரவணன் கணினியில் கட்டளை எழுதுவான். எனக்கு இரண்டும் வராது. அதனால் குறிப்பேடு எழுதுவதும் வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பதும் என் பொறுப்பு. செங்கல் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதுதான் வண்டியின் மூளை. முன்பக்கம் அடியில் சென்சர் என்கிற இரண்டு சின்னக் கண்கள். வெள்ளை விரிப்பில் போட்ட கறுப்புக் கோட்டை அந்தக் கண்களால் பார்த்துக்கொண்டே வண்டி வளைந்து போகவேண்டும், கோட்டைத் தவறவிடக் கூடாது. அவ்வளவுதான் போட்டி. கேட்க எளிது. அதற்காக நாங்கள் ஐந்து மாதம் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தோம்.

இப்படிப்பட்ட போட்டிகளால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று இப்போதும் சில தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கப் பழகினேன். நான் செய்ததை இன்னொருத்தர் கையில் நம்பிக் கொடுக்கப் பழகினேன். அறிமுகமில்லாத பெரியவர்கள் முன் நின்று வாய் திறக்கப் பழகினேன். குறிப்பேட்டுக்கு எங்கள் ஆசிரியை ஒரு விதி வைத்திருந்தார். நடந்ததை நடந்தபடி எழுது, கூட்டாதே, குறைக்காதே. தப்பாக எழுதிவிட்டால் ரப்பரால் அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதன் கீழே சரியானதை எழுது. அந்த விதியை நான் அப்போது மனப்பாடம் செய்தேன். பழகினேன் என்று சொல்ல முடியாது.

போட்டி ஒரு சனிக்கிழமை. அதே நாள் ஆயுத பூசையும் வந்தது. வண்டி முந்தின நாளே என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

காலையில் அப்பா குளித்து, சாமி மேடைக்கு முன்னால் வாழை இலை விரித்து, தன் ஸ்பேனர்களையும் ஸ்க்ரூடிரைவர்களையும் வரிசையாக அடுக்கினார். பக்கத்தில் அம்மாவின் தையல் இயந்திரம், என் பாடப்புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தவர், அலமாரி மேல் இருந்த வண்டியைப் பார்த்தார். “இதுவும் ஆயுதந்தானேம்மா” என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எடுத்துவிட்டார். தூக்கி, தலைகீழாகப் புரட்டி, அடியில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்து, சாம்பல் பெட்டியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டினார். “சாமி தொட்டாச்சு, பயப்படாம போய்ட்டு வா” என்று அம்மா என் கன்னத்தை வழித்தார்.

பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நெற்றியில் திருநீற்றோடு பயிற்சிக்குப் போயிருந்தேன். சரவணன் பார்த்துவிட்டு, “என்ன, கோட் ஓடறதுக்கு இதுவும் பூசணுமா? பேட்டரி மாத்தினா போதும்லா” என்றான். வெய் லிங்குக்கு அதை ஆங்கிலத்தில் வேறு சொன்னான். சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. இப்போது வண்டிக்கே பொட்டு. பல பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற மண்டபத்தில், பையைத் திறந்ததும் என்ன ஆகும்?

எம்ஆர்டி ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா அரைநாள் விடுப்புப் போட்டிருந்தார். திரும்ப வேலைக்கு ஓடவேண்டும் என்று நீலச் சீருடையிலேயே வந்து, கதவோரம் நின்றார். ஒவ்வொரு நிலையத்திலும் பையைக் கொஞ்சம் திறந்து பொட்டைப் பார்த்தேன். டோபி காட் நிலையத்தில் இறங்கியதும் கழிவறைக்குப் போகவேண்டும் என்றேன். பையைத் தரச் சொல்லி அப்பா கை நீட்டினார். தரவில்லை.

உள்ளே போய்க் குழாயைத் திறந்து, காகிதத்தை நனைத்துத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. இன்னும் தண்ணீர் விட்டேன். பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டால் மூளை கெட்டுவிடுமே என்ற கவலையில் வண்டியின் மூக்கைக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் வழிந்து மூக்கின் வழியாகச் சொட்டியது. பொட்டுப் போய்விட்டது. முருகா மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பையை மூடினேன்.

வெளியே அப்பா என் கையைப் பிடித்தவர், நின்றார். “ஈரக் கையோட கரண்டு சாமானத் தொடக்கூடாதும்மா” என்று சொல்லித் தன் கைக்குட்டையை எடுத்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு ஓட்டம். இரண்டையும் கூட்டித்தான் மதிப்பெண். முதல் ஓட்டத்தில் எங்கள் வண்டி இரண்டு சாண் தூரம் நேராகப் போனது. பிறகு குடித்தவன் மாதிரி இடப்பக்கம் திரும்பி, நின்ற இடத்திலேயே சுற்றி, விரிப்பை விட்டு இறங்கி நடுவரின் காலணியில் முட்டி நின்றது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அடுத்த ஓட்டத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. வெய் லிங் சரவணனைப் பிடித்துக்கொண்டாள், கடைசியாக என்னத்தை மாற்றினாய் என்று. அவன் ஒன்றும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான். “நீயாச்சும் சொல்லேன். நேத்து ஓடுச்சுல்ல? நீ பார்த்தல்ல?” என்றான். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவன் கணினியைத் திறந்து எண்களைக் கண்டபடி மாற்ற ஆரம்பித்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. அவன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது. துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

நான் வண்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கண்ணில் மஞ்சளாக ஒரு படலம் காய்ந்திருந்தது.

அந்த நிமிடத்தை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப வாழ்ந்திருக்கிறேன். சொல்லாவிட்டால் சரவணன் தலையில் விழும். சொன்னால் என் தலையில் விழும். மேலே பார்வையாளர் வரிசையில், நல்ல உடுப்புப் போட்ட பெற்றோர்களுக்கு நடுவில், அப்பா நீலச் சீருடையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகச் சொன்னது. “எங்கப்பாதான். காலையில பூஜையில வச்சிட்டாரு.”

மூன்று பேரும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தோம். என்னவென்று தெரியாமல் அவர் எங்களுக்குக் கையசைத்தார்.

வண்டியின் கண்ணைத் துடைத்தோம். ஆனால் அழுக்குக் கண்ணுக்கு ஏற்றபடி சரவணன் மாற்றியிருந்த எண்களை எல்லாம் திருப்பி வைக்க நேரம் போதவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் வண்டி கடைசி வளைவு வரை போய்ச் சிக்கிக்கொண்டது. இடம் எதுவும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடுவர்கள் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். என்ன பிழை, யார் கண்டுபிடித்தது, எப்படி என்று கேட்டார்கள். நான் குறிப்பேட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். காரணம்: வீட்டில் என் அப்பா சென்சரின் மேல் பூசைச் சந்தனம் பூசிவிட்டார். படிக்கும்போது நான் எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர் பொட்டு வைக்காவிட்டால் நான் துடைத்திருக்கமாட்டேன், ஆகவே அவர்தான். நடுவர்களில் ஒரு அம்மையார் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். முடிவில் மேடைக்கு அழைத்து எங்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பிழையை நேர்மையாகத் தேடிக் கண்டதற்காக.

கீழே இறங்கியதும் எங்கள் ஆசிரியை அப்பாவிடம் போனார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அடுத்த தடவை வண்டிக்குப் பூச்சு வேண்டாம், கண்ணை மறைத்துவிட்டது என்று. அப்பா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, “சாரி டீச்சர். என் தப்புதான்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அப்பா நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அன்று அப்பா வேலைக்குத் திரும்பவே இல்லை. அங்கிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனார். சன்னிதியில் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார். நானும் வேண்டிக்கொண்டேன், அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று. மறுநாள் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ச் சட்டம் வாங்கிவந்து, சான்றிதழை அவரே ஆணியடித்து மாட்டினார். மட்டம் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பின்னால் போய்ப் பார்த்தார்.

அடுத்த ஆயுத பூசைக்கு என் புத்தகங்களை இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். “ஒன் சாமானுக்கு வேணாம்மா” என்று அப்பா எடுத்து மெதுவாக மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட என் பொருள் எதற்கும் அவர் பொட்டு வைத்ததில்லை. அப்பா பாடம் கற்றுக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

இந்தக் கதை எங்கள் சித்தப்பா வாயில் விழுந்தது. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். “எங்கண்ணனத் தெரியும்ல? ரோபோட்டுக்கே கண்ணு தெரியாம சந்தனம் பூசி, பிள்ளைய தோக்கடிச்ச ஆளு! லிஃப்ட்டுக்கும் இப்டித்தான் பூசுவாரு போல, அதான் எங்க புளோக்குல தெனம் நின்னு போவுது!” எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நான் எழுந்து என் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவேன். அப்பாவுக்கே தெரியாதபோது இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னையே தேற்றிக்கொள்வேன்.

போன ஆயுத பூசைக்கு அப்பா அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் ஸ்பேனர்களை அடுக்கத்தான் செய்கிறார். என் மகன் தொடக்கநிலை இரண்டு. அவன் கையிலும் இப்போது ஒரு குட்டி ரோபோ. நான் அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவன் குங்குமக் கிண்ணத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. உடனே அப்பாவின் குரல்.

“அங்க வேணாம்யா. அது கண்ணு.”

“எப்டி தாத்தா உங்களுக்குத் தெரியும்?”

“லிஃப்ட்டு கதவுக்கும் இப்டித்தான் கண்ணு இருக்கு. தூசி பட்டா கதவு மூடாது. அதத் தொடச்சுத் தொடச்சுத்தானே ஒங்கம்மாவ வளர்த்தேன். மேல வை, பெட்டி மேல.”

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. அன்று காலை அவர் வண்டியைப் புரட்டிப் பார்த்தது எதற்கு என்று இருபது வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் மேலே வைத்திருக்கிறார். நான் கூடத்துக்கு வந்து வாசற்படியில் நின்றேன். “அப்பா, அன்னிக்கு...” என்றேன்.

அப்பா நிமிரவில்லை. “பாயசம் அடிபிடிக்குது பாரு” என்றார்.

அன்று என் விரல்களை அவர் துடைத்தபோது அந்த வெள்ளைக் கைக்குட்டை மஞ்சளாகியிருக்கும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டைப்பைக்கு முன்னால்தான் அவர் ஆசிரியையிடம் கை கூப்பியிருக்கிறார். பதினோரு வயதில் நான் அவர் கூப்பிய கையை மட்டும்தான் பார்த்தேன்.

ஆகவே குறிப்பேட்டில் நான் எழுதியதன் மேல் இன்று ஒரு கோடு போடுகிறேன். காரணம்: பொட்டைத் துடைத்தது நான். துடைத்த தண்ணீரைக் கண்ணுக்குள் விட்டதும் நான். அப்பா வைத்த பொட்டு வைத்த இடத்தில் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்து விருந்துகளில் சித்தப்பா சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதை மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பீர்கள். அவர்களிடம் இனி இதைச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவேண்டாம், அப்பாவை உயர்த்துவதற்காக எதையும் கூட்டவும் வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது. எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள், அது போதும்.