மேளம் காட்டிக்கொடுத்த மதியம்

போன வாரம் அடுக்களையில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மகள் மொபைலில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். மெல்லிய குழலோசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதற்கு அடியில் மேளம் ஏறியது. நான் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டேன். "யாரும்மா வந்தா?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை. தாழ்ப்பாளெல்லாம் மிளகாய்ப்பொடி.

சிரிக்காதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில் நான் வேலை பார்த்தபோது பிடித்த வியாதி இது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை என்று வேலை கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான். பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும் என்பதால் என் மானம் தப்பியது. ஏசி குளிரும் கழற்றிப்போட்ட சாக்ஸின் நாற்றமும் கலந்த அறை. முதலாளி டேவிட் அண்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்.

கடைசித் தடுப்பில் எப்போதும் முத்து இருப்பான். சேரன்மகாதேவியிலிருந்து கல்லூரிக்கு வந்தவன், வகுப்புக்குப் போனதைவிட எங்களிடம் வந்ததுதான் அதிகம். அவன் விளையாடியது ஒளிந்து ஒளிந்து கோட்டைக்குள் போகும் விளையாட்டு. புல்லுக்குள் பதுங்கியிருந்தால் இசையும் மூச்சடக்கிக் கிடக்கும். காவலாளி பார்த்துவிட்டால் மேளம் வெடிக்கும். டேவிட் அண்ணன் வேலையை விட்டுவிட்டு அவன் பின்னால் நின்று, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்துக் கேட்பார். "பாட்டு உன்னையே பாத்துக்கிட்டு இருக்குலே. நீ பைய நடந்தா பைய வருது, ஓடுனா ஓடுது. மனுசன் வாசிச்சாக்கூட இப்படிக் கூட வர முடியாது" என்பார்.

முத்துவின் அண்ணன் கோயில் கொடைத் திருவிழாத் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தான். அது எங்களுக்குத் தெரியும். அண்ணன் கிடைக்காவிட்டால் தம்பியைத் தேடுவார்கள் என்பதுதான் எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். மூன்று பேர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவன் மரியாதையாகத்தான் கேட்டான். "முத்து எங்கன இருக்கான்?"

அவனுடைய முதுகுப் பக்கம் சட்டைக்குள் அரிவாள்போல ஏதோ விறைப்பாக நின்றது. "இன்னைக்கு வரலயே அண்ணாச்சி" என்றேன்.

அவன் தடுப்புகளைப் பார்த்தான். அன்றைக்கு முத்துவின் ஹெட்போன் பழுது, சிறிய ஸ்பீக்கர்தான் கொடுத்திருந்தோம். அதிலிருந்து பதுங்கியிருக்கும் இசை மெல்ல வந்துகொண்டிருந்தது. வந்தவன் திரும்பிப் போகப் புறப்பட்டான், கதவில் கையும் வைத்துவிட்டான். என் பேச்சு காதில் விழுந்து முத்து உறைந்துபோயிருக்க வேண்டும். விசைகளிலிருந்து கையை எடுத்திருக்கிறான். அங்கே திரைக்குள் அவனுடைய ஆள் புல்லுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான். காவலாளி பார்த்துவிட்டான். மேளம் வெடித்தது.

பதறி, ஸ்பீக்கரை அணைக்க முத்து எழுந்தான். தடுப்புக்கு மேலே தலை தெரிந்தது. அது போதும்.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. வெட்டும் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை; ஈரத்துணியை உதறுவதுபோல ஒன்று, அவ்வளவுதான். தடுப்பு சரிந்தது. இரண்டாவது வெட்டு கழுத்துக்கு வந்தபோது டேவிட் அண்ணன் குறுக்கே விழுந்து இடது கையைக் கொடுத்தார். இரண்டு விரல்கள் மேசையிலேயே கிடந்தன. நான் யூபிஎஸ் பெட்டியைத் தூக்கினேன். சாதாரண நாளில் அதைத் தள்ளக்கூட எனக்குப் பலமில்லை. வெட்டியவனுடைய முகத்தில் போட்டேன். மூக்கு உடைந்த சத்தம் நன்றாகக் கேட்டது. இன்னொருவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அதற்குள் பக்கத்து ஜவுளிக்கடை ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு வந்துவிட்டார்கள். அடித்த அடியில் அந்த மூவரில் ஒருவனுக்குக் கால் முறிந்தது. அவ்வளவுக்கும் நடுவே மேளம் நிற்கவேயில்லை. திரைக்குள் முத்துவின் ஆள் செத்த பிறகுதான் அடங்கியது.

மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவில் டேவிட் அண்ணன் சொன்னது ஒன்றுதான். "அவன் மூச்சு விடுதானான்னு பாரு."

விட்டான். கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். ஆள் இருக்கும் இடம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வக்கீல் கேட்டார். பாட்டு மாறியது என்றேன். யாரோ சிரித்தார்கள். இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது, ஒருவன் வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு சென்டரை டேவிட் அண்ணன் திறக்கவேயில்லை. கட்டிடத்தின் முன்பாதி சாலை விரிவாக்கத்தில் போனது. வழக்குக்காக எடுத்துப்போன கம்ப்யூட்டரும் திரும்பி வரவில்லை. பழைய இரும்போடு போயிற்று என்று கேள்வி.

முத்து துபாய்க்குப் போய்ச் சில வருடங்கள் கழித்து ஒருமுறை அழைத்தான். "அண்ணன் வாசிக்காராக்கா?" என்று கேட்டான். வலது கையால் வாசிக்கிறார், இடது கைக்கு உண்டானதைச் சர்ச்சில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள் என்றேன். அவன், இனி ஊர்ப்பக்கம் வரப்போவதில்லை என்றான். கொடை நடந்த கோயிலுக்கு இப்போது இரு தரப்பும் பூட்டுப் போட்டிருக்கின்றன. முத்துவின் வீட்டுக் கூரை போன மழையில் விழுந்தது. எடுத்துக் கட்ட யாரும் வரவில்லை.