அர்ஸ் கேட்ட சனிக்கிழமை

தியாகராய நகருக்கு ஒரு வேட்டி வாங்கப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஏன் என்று வீட்டில் கேட்டார்கள், மழுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

கடை வாசலில் காக்கி உடுப்புப் போட்ட காவலாளி எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். படியேறுகிற எல்லோருக்கும் அடிக்கிற சல்யூட்தான். இருந்தாலும் ஒரு நிமிஷம் மார்பு விரிந்தது. பட்டாளத்தில் இருந்தவரை எனக்கு ஒருவரும் அடித்ததில்லை. நான்தான் அடித்துக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து புதுத்துணியின் கஞ்சி வாசனை வந்தது.

எங்கள் அரை நிக்கருக்குப் போட்ட கஞ்சியைச் சொல்ல வேண்டும். கழற்றி வைத்தால் அது தானாகவே நிற்கும். போட்டுக்கொண்டால் பரேடு முடிகிறவரை உட்காரக் கூடாது, மடிப்பு விழுந்துவிடும். ராயப்பேட்டையில் காதர் வீட்டிலிருந்து மாம்பலம்வரை நானும் அவனும் முழங்கால் மடங்காமல் நடந்து வருவோம். காதரும் என்னைப்போல ஒரு நாயக். சிப்பாய்க்கு மேலே இரண்டாவது படி, கையில் இரண்டு பட்டை. நான் சாந்தோம் மீன்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த இரண்டு பட்டையைப் பார்த்தே எங்கள் தெருவில் எனக்கு வழி விட்டார்கள்.

காலேஜ் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்க எங்கள் ஆறு பேரைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்னும் வீடு வராத ஒரு மண்மேடுதான் எங்கள் மைதானம். மழை பெய்தால் பூட்ஸ் கணுக்கால்வரை உள்ளே போகும்.

அந்தப் பிள்ளைகளில் சேஷாத்ரி என்று ஒருவர், மயிலாப்பூர் வக்கீலின் மகன். இடது கால் எது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சல்யூட் அடித்தால் முழங்கை தொங்கும். "கைய தூக்கு சாமி, துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கிக்கினு கீது" என்பேன். சிரிப்பார். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் வரிசையில் நின்றபடியே வெள்ளைக்கார கேப்டனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்பார். திட்டு விழும் என்று நாங்கள் காத்திருப்போம். கேப்டனோ நின்று பதில் சொல்வார்.

அப்போதுதான் வடக்கே நம்மவர்களுக்கென்று ஆபீசர் பள்ளி திறந்திருந்தார்கள். படித்த வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதிப் போகலாம். இரண்டு மூன்று வருஷத்தில் தோளில் நட்சத்திரம், நரைத்த சுபேதார்கூட எழுந்து சல்யூட் அடிக்க வேண்டும். எங்கள் வழி வேறு. பட்டைக்கு ஒரு பரீட்சை. தேறினாலும், மேலே இருப்பவர் பென்ஷனில் போனால்தான் இடம். பரீட்சை உருதுவில், எழுதுவது இங்கிலீஷ் எழுத்தில், எழுதுகிறவன் தமிழன். நான் தேறியது மாதாவின் கிருபை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த ஆபீசர் பள்ளியில் சிப்பாய்களுக்கும் சில இடங்கள் உண்டு. கேப்டன்தான் நம் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். வயது வரம்பு இருந்தது. எனக்கு அதுதான் கடைசி வருஷம். அதற்கும் உருது வேண்டும் என்று நாலு மாதம் காதர் வீட்டில் படித்தேன். அவன் தகப்பனார் புத்தகம் பைண்டு செய்பவர். பசை வாசனை பட்டால் எனக்கு இப்போதும் உருது ஞாபகம் வரும். ஆபீஸ் கிளார்க்கும் காதோடு சொல்லிவிட்டார்: "பேர் அனுப்புற காகிதம் கேப்டன் மேஜைமேல ரெடியா கீது. சனிக்கெழம அர்ஸ்ல நீயே வாய் தொறந்து கேளு. மத்தியானத் தபால்ல பூடும்."

அர்ஸ் என்பது இதுதான். சனிக்கிழமை காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேப்டன் "கோயி அர்ஸ்?" என்பார். ஏதாவது வேண்டுமா என்று அர்த்தம். வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. "நஹி, சாஹிப்" என்று நெஞ்சு அதிரக் கத்த வேண்டும்; அதுதான் நல்ல சிப்பாய்க்கு அடையாளம். புதிதாக வந்தவர்களுக்கு அப்படிக் கத்தச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அன்று கேப்டன் என் முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கையில் காகிதம் இருந்தது.

"கோயி அர்ஸ்?"

"நஹி, சாஹிப்."

மைதானமே கேட்டிருக்கும். அவர் புருவத்தை உயர்த்தினார், நகர்ந்து போனார்.

"இன்னாடா செஞ்சே நீ?" என்றான் காதர். "நாலு மாசம் படிச்சது இன்னாத்துக்கு? ஓடிப்போய் சொல்லு." கூப்பிடாமல் கேப்டன் அறைக்குள் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. சுபேதார் மூலம் போகலாம் என்று நான் தைரியம் சேர்த்துக்கொண்டது திங்கட்கிழமை. தபால் போய்விட்டிருந்தது.

சேஷாத்ரி பரீட்சை எழுதி வடக்கே போனார். என் இடத்தை அவர் பறிக்கவில்லை, அவர் வாசலே வேறு. எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. சாந்தோம் கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "யார்மேல பொறாமை?" என்றார் சாமியார். "முழங்கைய தூக்கத் தெரியாத ஒருத்தர்மேல, சாமி" என்றேன்.

சேஷாத்ரி தோளில் நட்சத்திரத்தோடு ஒருநாள் அதே மைதானத்துக்கு வந்தார். நான் அதே இரண்டு பட்டையோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். "நாயக், உங்களப்பத்தி ஆத்துல சொல்லிண்டே இருப்பேன்" என்றார். நிஜமான பிரியம் முகத்தில் தெரிந்தது. "கேப்டன்ட்ட நான் பேசறேன். என்ன வேணும், சொல்லுங்கோ."

"ஒண்ணும் வேணாம், சாஹிப்."

இந்தத் தடவை பழக்க தோஷம் இல்லை. பொறாமைதான் பேசியது. ஹவில்தாருக்கான மூன்றாவது பட்டை இன்னும் ஐந்து வருஷம் தள்ளிப் போனது.

போன வருஷம் சேஷாத்ரி காலமானார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். காதர் அதற்கு முன்பே போய்விட்டான். பேப்பரில் அவர் சல்யூட் அடிக்கிற படம்; முழங்கை கச்சிதமாக இருந்தது. அதைத் திருத்தியவர் யாரோ, அவர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அந்த மண்மேடு இருந்த இடத்தில் இன்று வரிசையாகக் கடைகள். நான் போன துணிக்கடை ஏறக்குறைய கேப்டன் நின்ற இடத்தில் இருக்கிறது. என் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், "இது வேணாண்ணா, மேல கீற அந்தப் பச்சைய எடு, இல்ல, அதுக்கு அடுத்தது" என்று கடைக்காரரை ஏணியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, உங்களுக்கு இன்னா வேணும்?"

குதிகால்கள் தானாகச் சேர்ந்தன. "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வேட்டி ஞாபகம் வந்தது.