சாமான் அறையின் சாவி

சில ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் ரந்தாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில், ஆடிப் பூசை முடிந்த சில வாரங்களில் இது நிகழ்ந்தது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் அப்போது தோட்டத்துக் கோயிலின் செயலாளர். கோயிலின் பின்புறமிருந்த சாமான் அறையின் சாவி என்னிடமே இருக்கும்.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருவருக்கு அடுத்தடுத்துக் கடுங்காய்ச்சல் கண்டது. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் என்று டவுன் கிளினிக்கில் கூறி, மருந்து கொடுத்துக் குணமாக்கினார்கள். அத்தோடு தம் கடமை முடிந்ததென்று அங்கிருந்த தாதி கருதவில்லை. இருவரின் அட்டையிலும் ஒரே லயத்தின் முகவரி இருப்பதைக் கவனித்து, சுகாதாரப் பரிசோதகருடன் தோட்டத்துக்கே வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அதிகாரி வரும் நாளில் சாக்கடையைக் கழுவிச் சுண்ணாம்பு தூவுவதும், கண்ணில் படக்கூடாதவற்றை மறைப்பதும் வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு எங்களுக்குப் பழகிய வேலை. முதல் நாளே ஆட்களைத் திரட்டி லயத்தைப் பளிச்சென்றாக்கினேன். எலி கடித்த அரிசி மூட்டைகளைச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டினேன்.

மறுநாள் பரிசோதகருடன் வந்த அந்தத் தாதி, தமிழ்ப் பெண், பூட்டைக் கண்டு நின்றார்.

“இந்த ரூம்ல என்னங்கய்யா இருக்கு?”

“சாமி சாமான் மிஸி. கண்டவங்க உள்ள போகப்படாது.”

அவர் செருப்பைக் கழற்றி ஒருமுறை கும்பிட்டார். அதன்பின் வற்புறுத்தவில்லை. எழுத ஒன்றுமின்றி அவர்கள் திரும்பியபோது, தோட்டத்தின் மானத்தைக் காத்துவிட்டதாகவே எண்ணினேன்.

அடுத்த வாரம் ஒரு காதுகுத்துக்கு அண்டாக்கள் தேவைப்பட்டன. என்னை மாமா என்றழைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியை நானே கொடுத்தேன். செம்பனை முள் குத்திய புண்காலோடு, அவள் அந்த அறையின் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அண்டாக்களைக் கழுவினாள். பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது, கண்கள் மஞ்சளாயின. சிறுநீரகம் செயலிழந்ததால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இணைத்தார்கள். முன்பு நோயுற்ற இருவரும் ஆடிப் பூசைக்கு அதே அறையில் அண்டா கழுவியவர்களே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் சென்று, சாவியைத் தாதியின் மேசைமேல் வைத்தேன்.

“மறைச்சிட்டேன் மிஸி. தோட்டத்துக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னு...”

“பேரு கெடுக்கவா வந்தோம்? இன்னொருத்தர் காய்ச்சல்னு இங்க வரக்கூடாதுன்னு வந்தோம். வாங்க ஐயா, இப்பவே போவலாம்.”

அன்று மாலையே அறை திறக்கப்பட்டது. மூட்டைகளுக்குப் பின்னால் எலிக்கூடு. வெடித்த சுவர் வழியே சாக்கடை நீர் தரையில் கசிந்துகொண்டிருந்தது. சுவரை அடைத்தோம், கழுவுவோருக்குக் காலணி வாங்கினோம். அதுமுதல் மாதந்தோறும் அத்தாதி கோயில் மண்டபத்துக்கு வருகிறார். எங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் அதே கையோடு சாக்கடையையும் எட்டிப் பார்த்துவிட்டே போகிறார்.

ஒரு மாதம் கழித்து மெலிந்து வீடு திரும்பிய அப்பெண், என்னைக் கண்டதும், “என்ன மாமா, சாமி சாமானெல்லாம் வெளிய எடுத்துட்டீங்களாம்லா?” என்று சிரித்தாள். என்னால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

அவ்வறைக்கு இப்போது பூட்டு இல்லை. ஆயினும் அதிகாரி வருகிறார் என்று கேட்டால் இன்றும் என் கை முதலில் துடைப்பத்தைத்தான் தேடுகிறது, அந்தக் கையைத் தடுத்து நிறுத்தும்போதெல்லாம் அவளுடைய மஞ்சள் படர்ந்த கண்கள் என் முன் வந்து நிற்கின்றன.