கோபுரக் கதவு

கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் தங்கை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்ஹேலர் வெளியே, என் கைப்பையில்.

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு நடந்தது நடந்ததுதான். என் வலது தோளில் தழும்பு இருக்கிறது.

மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். உச்சியில் இருந்த காவல் கோபுரம் மட்டும்தான் பாக்கி. எங்கள் வழிகாட்டி அதற்கு மேல் ஏற மறுத்துவிட்டார். ஒரு பாறையில் உட்கார்ந்தபடியே கதையைச் சொன்னார். எதிரிப்படை கோட்டையைச் சூழ்ந்தபோது கோபுர வாசலில் ஒரு காவலன் இருந்தானாம். தளபதி வந்து விடுவிக்கும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவன் மனைவியே வந்து கதவைத் தட்டிக் கெஞ்சியிருக்கிறாள். திறக்கவில்லை. தளபதி அதற்குள் கீழே செத்துக் கிடந்தார்.

"அப்ப அந்தாளு இன்னும் டூட்டியிலதான் இருக்காரா?" என்றாள் தங்கை.

"ஓவர்டைம்கூட இல்லாம," என்றேன்.

வழிகாட்டி சிரிக்கவில்லை.

வெளிச்சம் போவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும் என்று தங்கை முன்னால் ஓடினாள்.

"மெதுவாப் போடி. இன்ஹேலர் எங்கிட்ட இருக்கு."

"அதான் நீ பின்னாலயே வருவியே."

பாதிப் படியில் மூடுபனி இறங்கிவிட்டது. தட்டுத்தடுமாறி மேலே போனால்... கோபுரக் கதவு சாத்தியிருந்தது. கனமான மரக்கதவு.

"அக்கா... யாரோ சாத்திட்டாங்க..."

அதற்குப் பிறகு இருமல். வெறும் இருமல்.

தட்டினேன். டம்... டம்...

என் பக்கத்தில் இன்னொரு தட்டல் கேட்டது.

கையை நிறுத்தினேன். ஒரு கணம் தாமதித்து அதுவும் நின்றது.

பக்கத்தில் யாருமில்லை.

"ஐயா, யாரா இருந்தாலும் திறங்கய்யா. அவ செத்துருவா."

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம். க்ர்ர்ர்...

திறக்கவில்லை. இன்னும் இறுக்கிப் போடுகிற சத்தம் அது. தோளால் இடித்தேன்.

உள்ளே இருமலும் நின்றுபோனது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானம் நிறைய பிள்ளைகளை மைக் இல்லாமல் நிறுத்துகிறவள். செத்தவனிடம் போய்க் கெஞ்சுவதா?

விறைத்து நின்றேன்.

"வாசல் காவல். உன் வேலை முடிஞ்சது. உன்னை விடுவிக்க நான் வந்திருக்கேன். திற."

சத்தமே இல்லை.

"திறன்னு சொன்னேன்."

க்ரீச்...

எனக்கு முன்னால் ஏதோ ஒன்று என்னை உரசிக்கொண்டு உள்ளே போனது. நான் அதைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தேன். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். ஒரு தடவை... இரண்டு தடவை...

மூச்சு வந்தது.

தோளில் சாய்த்து இறக்கிக் கூட்டி வந்தேன். பாதி வழியில் கேட்டாள்.

"அக்கா, உன்கூட நின்னு கதவைத் தட்டினது யாரு?"

அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வழிகாட்டியிடம்தான் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். "அந்தக் கதவு இப்படிச் சாத்திக்கும்னு முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

அவர் என் தோளையே பார்த்தார். சட்டையில் அந்த இடம் மட்டும் கரி அப்பிக் கருகியிருந்தது.

"எந்தக் கதவும்மா?" என்றார் மெதுவாக. "அந்தச் சண்டையிலயே கதவுக்குத் தீ வச்சுட்டாங்க. அவனும் அதோடயே எரிஞ்சு போனான். அன்னையிலேர்ந்து அங்க வெறும் வாசல்தான்."