சுண்ணாம்பு போட்ட மண்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட நர்சரியில் முப்பது வருடமாகக் கன்று வளர்த்தவர் கிளாரன்ஸ். அவர் நட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் சொல்வார்கள். அவரும் அதை நம்பினார்.

மகள் ரெனீக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை. நான்கு வருடங்களுக்கு முன் கிறிஸ்மஸுக்கு வந்தவள், இரண்டு போத்தல் சிவப்பு வைன் கொண்டுவந்தாள். தனித்தனிக் கிளாஸில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

முதலாவது மெத்தென்று, கனிந்த பழம்போல இறங்கியது. இரண்டாவது பால் விடாத கட்டித் தேநீர் மாதிரி ஈறைப் பிடித்தது. விழுங்கிய பிறகும் வாயில் நின்றது.

“ரெண்டும் வேற வேற பழமா?”

“ஒரே பழம் டேடி. செஞ்ச ஆளும் ஒருத்தர்தான். மொதல்ல குடிச்சது ஆத்தோர வண்டல் மண்ணு. இது மேட்டுல, சுண்ணாம்புக்கல்லு மண்ணு. அங்க தண்ணி நிக்காது, பழம் சின்னதாத்தான் வரும், தோல் தடிப்பா இருக்கும். அதான் இந்தப் பிடிப்பு.”

மேட்டுக் கொழுந்துக்கும் பள்ளத்துக் கொழுந்துக்கும் ருசி வேறு என்பது கிளாரன்ஸுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மண்ணை இப்படி நாக்கிலேயே வைத்து யாரும் அவருக்குக் காட்டியதில்லை. மகள் விமானம் ஏறிய மறுவாரமே ஈப்போ நகரிலிருந்து ஆறு திராட்சைக் கன்றுகள் வாங்கிவந்தார்.

நர்சரி ஓரத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் திராட்சைக்கு ஆகாது. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டி ஆழமாகக் கொத்தினார்; சரளைக்கல்லும் சுமந்தார்.

“மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?” என்றாள் மனைவி கத்தரீன்.

“சும்மா கெடக்குற எடந்தானே லா.”

கொடி வளர்ந்தது. இலையாகவே வளர்ந்தது. மூன்றாம் வருடம் பதினோரு குலை பிடித்தன. அவை கறுக்கும் நேரத்தில் மழை விடாமல் பெய்தது. பழங்கள் வெடித்துப் பூஞ்சணம் பிடித்தன. தப்பியதைப் பிழிந்து ஜாடியில் ஊற வைத்தார். கடைசியில் வாயில் வைத்தால் வெறும் புளித்த தண்ணீர். மண்ணும் இல்லை, பிடிப்பும் இல்லை.

“மண்ணு மட்டும் போதாது டேடி,” என்றாள் ரெனீ போனில். “பழுக்குற நேரத்துல வெயில் வேணும். அத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“வெயிலுக்கு நான் எங்கம்மா போவேன்?”

கொடிகளைப் பிடுங்கிப் போட்டார். அதே மாதம் மேனேஜர் விஜயன், அந்தத் துண்டு நிலத்திலும் தேயிலைக் கன்று நடச் சொன்னார். சுண்ணாம்பை முறித்து மண்ணில் பழைய புளிப்பைக் கொண்டுவரப் பார்த்தார் கிளாரன்ஸ். ரகசியமாகக் கந்தகம் தூவிவிட்டு இருநூறு கன்றுகளை நட்டார். இரண்டே மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளடித்தது.

விஜயன் மண்ணைச் சோதிக்கக் கொடுத்தார். முடிவு வந்ததும் நேரே நர்சரிக்கு வந்தார்.

“அண்ணே, இதுல என்னா போட்டீங்க?”

“சுண்ணாம்பு சார். திராட்சைக்கு. கந்தகம் போட்டுப் பாத்தேன், கேக்கல.”

விஜயன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“இவ்ளோ ஆழத்துக்குக் கலந்துட்டீங்க. இனி மழையில கரைஞ்சு போனாத்தான் உண்டு. எத்தன வருஷமோ.”

கிளாரன்ஸ் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடமே இருந்தது. மறுநாள் காலை குனிந்து மஞ்சள் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த கத்தரீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மறு முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள்.