தெளிந்த தண்ணீரில் மஞ்சள் நரம்பு

மன்னிக்கவும். இந்தக் குழுவில் லைக் மட்டும் போடுகிற ஆள் நான். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

நேற்று ஏரியில் இரண்டு வால்ஐ (walleye) மீன் பிடித்தேன்!

(ஆமாம், நான்தான். போட்டோவில் தலை வெட்டுப்பட்டு நிற்பதும் நான்தான்.)

இங்கே அமெரிக்காவில், எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து செந்தில் அண்ணா, பக்கத்து வீட்டு பிரபு, நான் என்று மூன்று பேர் போவோம். வாடகைப் படகில் அதற்கு மேல் இடமில்லை. வருகிற சனிக்கிழமை அண்ணாவின் மச்சான் இர்விங் நகரத்திலிருந்து வருகிறார். அதனால் போன வாரமே பார்க்கிங்கில் வைத்து அண்ணா ஒரு விதி போட்டார்.

"இந்தத் தடவை எவரு மீனே புடிக்கலையோ, அவங்க எடத்தை மச்சானுக்கு உட்டுக் குடுத்தரோணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை நான் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாய்விட்டுக் கேள்வி கேட்கக் கற்பதற்குள் டிகிரி முடிந்துவிட்டது. ஆனால் நன்றாகப் பார்ப்பேன்.

முந்தைய முறை படகிலிருந்து எட்டிப் பார்த்தபோது, தூண்டிலுக்கு அண்ணா தந்த தடித்த மஞ்சள் பின்னல் நரம்பு அடிவரை தெரிந்தது. ஒரு மீன் வந்தது. நின்றது. திரும்பிப் போய்விட்டது.

அண்ணா ஈரோட்டுக் குளத்தில் விரால் பிடித்தவர். அந்தக் கலங்கல் தண்ணீருக்கும் பாசிக்கும் தடித்த நரம்புதான் சரி. இந்த ஏரியோ கண்ணாடி மாதிரி. வால்ஐக்குப் பூனை போலக் கண்.

அதனால் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மூன்று வகைத் தூண்டில் நரம்பைப் போட்டுப் பார்த்தேன். (அது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று ரூம்மேட்டிடம் சொல்ல மறந்துவிட்டேன்.)

மஞ்சள் பின்னல் விளம்பரப் பலகை மாதிரி நின்றது. சாதாரண நைலான் லேசாக மின்னியது. ஃப்ளூரோகார்பன் நரம்பு எங்கே இருக்கிறது என்று நானே தேட வேண்டியிருந்தது.

ரீல் முழுக்க அதையே சுற்றலாமா என்றால், அது விறைப்பு. ரீலிலிருந்து சுருள் சுருளாகத் துள்ளுகிறது. பின்னலில்தான் மீன் லேசாகத் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். ஆகவே ரீலில் மெல்லிய பின்னல், தூண்டில் முள் பக்கம் மட்டும் இரண்டு கை நீளத்துக்கு எட்டுப் பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன். இரண்டையும் சேர்க்கும் முடிச்சை எச்சில் தொட்டு நனைத்துத்தான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் சூடேறி அங்கேயே அறுந்துவிடும்.

நேற்று அதைப் பார்த்ததும் அண்ணா சிரித்தார். "என்னம்மிணி, ஒட்டுப்போட்ட கவுறா? மீனு என்ன கண்ணாடி போட்டுட்டா வந்து பாக்குது?"

"அதுக்குக் கண்ணாடியே தேவையில்லைங்கண்ணா," என்றேன். எனக்கே ஆச்சரியம்.

வெயில் சாயும் நேரம். வெடுக்கென்று இழுக்கவில்லை, ஈர இலை சிக்கியது போல ஒரு பாரம். தூக்கினேன். மீன்!

இரண்டாவது வந்ததும் பிரபு தன் நரம்பை என்னிடம் நீட்டினார். கட்டிக் கொடுத்தேன். அவருக்கும் ஒன்று கிடைத்தது. அண்ணாவுக்கும் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அவருக்குக் கடைசிவரை எதுவும் மாட்டவில்லை.

திரும்பி வரும்போதும் அண்ணாதான் கார் ஓட்டினார். ஹைவேயில் ஏறியதும் சொன்னார்:

"அந்த ரூலு சும்மா வெளாட்டுக்கு அம்மிணி. இந்தத் தடவை மச்சான் வரட்டும். நீ அடுத்த வாட்டி வந்துக்கலாம்."

பிரபு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். நான் "சரிங்கண்ணா" என்றேன்.

சரியில்லை. அதைக் காரில் சொல்ல வாய் வரவில்லை. அண்ணாவும் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

அண்ணா, சனிக்கிழமை நீங்கள் கரையில் இருங்கள். உங்கள் இடத்தில் மச்சான் உட்காரட்டும். அவருக்கும் நரம்பு நானே கட்டித் தருகிறேன்.

காரை மட்டும் நீங்களே ஓட்டுங்கள். எனக்கு ஹைவே பயம்.